வெட்டாத செட்டை

தேத்தண்ணியில் கராம்பு மணத்தது.

யசோதா கோப்பையை மூக்கருகே பிடித்தபடி நின்றாள். வீட்டில் கராம்பு இல்லை. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து இந்தத் தகரக் கூரைக்குக் கீழே குடியேறிய நாளிலிருந்து அவள் கராம்பு வாங்கியதே கிடையாது. கிணற்று வாளியைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். அதிலும் அதே மணம், அடித்தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டு மெல்ல மரத்துப்போகச் செய்கிற மணம்.

"உங்களுக்கு மணக்கேல்லையோ?"

அவள் புருஷன் ஜெகதீபன் ஒரு மிடறு குடித்தான். "உப்புத்தான் கரிக்குது. அது எப்பவும் கரிக்கிறதுதானே. உன்ரை மூக்குக்குள்ளை அந்த மீன் கொட்டில் குடியிருக்குது, இஞ்சேர். எங்களுக்கு முதல் அதுக்கு மீள்குடியேற்றம் நடந்திட்டுது."

மகள் வேணுஜா விளங்காமலே சிரித்தாள். யசோதாவும் சிரிக்கப் பார்த்தாள். உதடு அசைந்த மாதிரித் தெரியவில்லை.

சிலாவத்துறைக் கரையில், கைவிட்ட ஐஸ் கொட்டில் ஒன்றுக்குள்தான் அவளுக்கு வேலை. கொடுவா மீன் குஞ்சுகளை அள்ளிக் கராம்பு எண்ணெய் கலந்த வாளிக்குள் விட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவை மயங்கிச் சரிந்து, வயிறு மேலே தெரிய மிதக்கும். வாய் மட்டும் திறந்து மூடும். பாதிக்கு வயிற்றில் புது மருந்து ஊசி. மற்றப் பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. மருந்து போட்டதற்கு மட்டும் அடையாளமாக, நீந்துகிற செட்டையின் நுனியைக் கத்தரிப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டு, ஒருநாள் மேலே மூடியை விலக்கி, நோய்க்கிருமி கலந்த பால் நிறத் தண்ணீரை ஊற்றுவார்கள்.

அன்று அந்த நாள்.

"கராம்பும் போட்டாச்சு, உப்பும் ஏத்தியாச்சு," என்றாள் கூட வேலை செய்யும் மாக்கிறட். "இனித் தேங்காய்ப்பால்தான் குறை. மிஸ், சோத்துக்கு உலை வைக்கட்டோ?"

ஆராய்ச்சிக்குப் பொறுப்பான சுபத்திரா மிஸ் சிரிக்கவில்லை. "மீன்ரை உடம்பும் எங்கடை மாதிரித்தான் நோயோடை சண்டை பிடிக்கும், மாக்கிறட். இதுகளிலை பாக்காமல் ஆர் துணிஞ்சு மனிசருக்கு ஏத்துறது?"

"உப்புத் தண்ணி போட்டதுகள் பாவமெல்லே, மிஸ்?" என்று யசோதா கேட்டாள்.

"அதுகள் செத்தால்தானே மற்றதுகளை மருந்துதான் காப்பாத்தினது எண்டு சொல்லலாம். வெட்டினதிலை ஒண்டுக்கு ஏதும் நடந்தால் எல்லாத்தையும் உடனை நிப்பாட்டுவம். வெட்டாததுகள் போகத்தான் போகும்." மிஸ் வெள்ளைக் கையுறையை இழுத்து மாட்டினாள். "அதுகளுக்குத் தெரியாது, யசோதா. நித்திரை. நீர் வீட்டை போம், பிள்ளை இருக்கிறவை ஊத்துற நேரம் இஞ்சை நிக்க வேண்டாம்."

வெளியே உச்சி வெயில். கச்சான் காற்று நின்றுபோயிருந்தது. பனை ஓலை அசையவில்லை, கடல் பீங்கான் தட்டுப்போல அப்படியே கிடந்தது. கொட்டிலை விட்டு விலக விலகக் குறைய வேண்டிய மணம் கூடிக்கொண்டே வந்தது. வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்பியபோது காற்றே கராம்பாய் இருந்தது. வேலியோரம் நாய்கள் பக்கவாட்டில் சரிந்து கிடந்தன. இலையான்கள் அவற்றின் திறந்த கண்ணில் மொய்த்தன. நாய்கள் கண் சிமிட்டவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கியது.

பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை முற்றத்தில் கதிரையில் இருந்தாள். தலை சரிந்திருந்தது. வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

"அன்னப்பிள்ளையக்கா."

மூடியது.

அவளுடைய வலது காதின் மேல்நுனி இல்லை. நேராக, சுத்தமாக, கத்தரித்த கடதாசி மாதிரி. இரத்தம் இல்லை.

பயம் வந்திருக்க வேண்டும். யசோதா அதற்காகக் காத்து நின்றாள். வரவில்லை. பிறகு காலைத் தூக்கி வைத்து நடந்தாள். கால் நிலத்தில் பட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த வீட்டுக் கதிர்காமு வாசற்படலைக்குள்ளேயே விழுந்து கிடந்தார். இரண்டு காதும் முழுசாக இருந்தன.

வீடு. திறந்த கதவு. பாய்.

ஜெகதீபனும் வேணுஜாவும் பக்கம் பக்கமாய் மல்லாந்து கிடந்தார்கள். இரண்டு வாயும் ஒரே தாளத்தில். திறந்து. மூடி.

"இஞ்சேருங்கோ. எழும்புங்கோ."

ஜெகதீபனை உலுக்கினாள். தலை உருண்டது. வலது காதில் நுனி இல்லை.

மகளின் சட்டையை விலக்கினாள். தொப்புளுக்குக் கீழே ஊசி ஏறிய சிவப்புப் புள்ளி. காதைப் பார்த்தாள். வலது. இடது. மறுபடி வலது.

முழுசு.

அலுமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கூந்தலை ஒதுக்கினாள். நுனி இல்லை. தொட்டுப் பார்த்தாள். தொட்டது விரலுக்கும் தெரியவில்லை, காதுக்கும் தெரியவில்லை.

அவளுக்கு மருந்து. அவனுக்கு மருந்து.

பிள்ளைக்கு உப்புத் தண்ணீர்.

மேலே தகரம் முனகியது. ஒரு மூலை மெல்ல உயர்ந்தது.

வெட்டினால் மருந்து ஏறாது. அவளுக்குத் தெரியும். ஆனால் குறி இருந்தால் பார்ப்பார்கள். பார்த்தால் நிப்பாட்டுவார்கள். நிப்பாட்ட வேண்டும். அதுதானே முறை.

அலுமாரிக்குள் கத்தரிக்கோல். மகளின் தலையை மடியில் வைத்தாள். அந்தச் சின்னக் காது, தோடு போட்ட காது. நுனியைச் செட்டை மாதிரி இரண்டு விரலால் பிடித்தாள். ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை.

நறுக்.

இரத்தம் வரவில்லை.

வேணுஜா கண்ணைத் திறந்தாள். இமைக்கவில்லை.

"நோகேல்லை, அம்மா."

தகரம் விலகியது. அதற்கு மேலே வானம் இல்லை. ஒரு வெள்ளைக் கை. வீட்டைவிடப் பெரிய கை. கையில் வாளி. வாளி சரிந்தது.

பால் நிறத்தில் தண்ணீர் சுவர் வழியே இறங்கியது. பாயை நனைத்தது. பிள்ளையின் தலைமுடியை நனைத்தது.

யசோதா மகளைத் தூக்கினாள். வெட்டிய காது மேலே தெரியும்படி முகத்தைத் திருப்பி உயரப் பிடித்தாள். இன்னும் உயர.

"பாருங்கோ," என்றாள். "வெட்டியிருக்கு. பாருங்கோ."

ஊற்றுவது நிற்கவில்லை.