பழைய தேதிக்குத் திரும்புகிறது

திரையில் நூறு சதவீதம் வந்தது. பிறகு தொண்ணூற்றொன்பது வந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. இந்த மாதத்தில் இது நான்காவது அப்டேட். ஒவ்வொன்றும் எதையோ சரிசெய்ய வந்ததாகச் சொல்லிக்கொண்டு வேறெதையாவது கெடுத்துவிட்டுப் போகும். முதலாவதில் பிரிண்டர் படுத்தது, இரண்டாவதில் சத்தம் போனது, மூன்றாவதில் அவள் மூன்று நாளாக வரைந்த மாடிப்படி மொத்தமாகக் காணாமல் போனது. பின்னோக்கி எண்ணுவது மட்டும் இதுவரை நடந்ததில்லை.

வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். ஐந்து மணிக்குள் இன்ஜினியருக்கு ஒன்று போயாக வேண்டும், மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பக்கத்து அறையில் அவள் மகள், பாப்பா, தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வயது முடிந்து ஒரு மாதம். சளி பிடித்திருந்ததால் மூச்சு சின்ன விசிலாகக் கேட்டது. ராத்திரி முழுக்க அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததில் அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

எண் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. அதன்பின் எதுவும் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவர் குரலிலும் தூக்கம்தான். காலையிலிருந்து இதே புகாராம், இவள் பதினோராவது ஆளாம்.

"பழைய தேதிக்குத் திருப்பிடுங்க மேடம். உங்க ஃபைல் எதுவும் போகாது, அதுக்கப்புறம் வந்து சேர்ந்ததுதான் போகும். நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க. பாதியில நின்னா அது இன்னும் மோசம்."

அவர் சொன்னபடி திறந்த பட்டியலில் ஒரே ஒரு தேதிதான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தையது, கம்ப்யூட்டரும் அதோடு யுபிஎஸ்ஸும் வாங்கிய வாரம். அதைத் தொட்டதும் திரை கேட்டது: இந்தத் தேதிக்குப் பிறகு சேர்ந்தவை நீக்கப்படும், எவையெவை என்று பார்க்கிறீர்களா? இத்தனை வருடத்தில் இந்த மாதிரிக் கேள்வி எதையும் அவள் முழுசாகப் படித்ததில்லை. யார்தான் படிக்கிறார்கள்? 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கின. பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது. அவை எப்போது வந்தாலும் இடுப்பில் உட்கார்ந்தபடி விரலை நீட்டுவாள். அம்மாவுக்கு எரிச்சல் வரும்போதெல்லாம் மகளுக்குச் சிரிப்பு வரும்.

பதினெட்டு சதவீதத்தில் ஒரு வாசனை வந்தது. புது பெயின்ட். ஜன்னலைப் பார்த்தாள், அது சாத்தியிருந்தது. வெளியிலிருந்து வரவில்லை, மேஜைக்கு எதிரே இருந்த சுவரிலிருந்துதான் வந்தது. அந்தச் சுவரில் ஒரு முழ உயரத்துக்குச் சிவப்பும் பச்சையுமாகப் பாப்பாவின் கிறுக்கல் இருக்கும், எதைப் போட்டுத் தேய்த்தும் போகாதது. இப்போது சுவர் வெள்ளையாக இருந்தது. துடைத்த அடையாளம்கூட இல்லை.

தூக்கக் கலக்கம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். முப்பத்தொன்று. கொடியில் காலையில் காயப்போட்ட சின்ன கவுன்கள் இல்லை, கிளிப்புகள் மட்டும் வரிசையாகத் தொங்கின. நாற்பது. இடுப்புவலி நின்றிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை. கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. ஆபரேஷன் தழும்பைத் தேடியது. தோல் வழவழவென்றிருந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிடலாமென்றால் போனில் அவர் நம்பர் இல்லை. கணவனைக் கூப்பிட்டாள். வேலையில் இருந்தான், பின்னால் மெஷின் சத்தம். பாப்பா, பாப்பா என்பதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை.

"எந்தப் பாப்பா?" என்றான். "யார் வீட்டுப் பாப்பா?"

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். அதே பிளக்கில் ஓடிய மேஜை மின்விசிறி தளர்ந்தது. காற்றில்லாத அறையில் ஒரு 'பீப்'. இன்னொரு 'பீப்'. திரை அணையவில்லை. யுபிஎஸ். கரன்ட் போனாலும் அப்டேட் பாதியில் நிற்கக் கூடாதென்று அவளே கேட்டு வாங்கியது.

ஐம்பத்தாறு.

பக்கத்து அறைக்கு ஓடினாள். விசில் கேட்டது. இருக்கிறாள். இருக்கிறாள். பாப்பா விழித்துக்கொண்டு, கன்னத்தில் தலையணைச் சுருக்கத்தோடு, இரண்டு கையையும் நீட்டினாள்.

"அம்மா, தூக்கு."

இடுப்புக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

தூக்கினாள். நேற்று ராத்திரி தோளை அறுத்த கனம் இல்லை. கழுத்தைக் கைகள் கட்டிக்கொண்டன, காய்ச்சல் சூடு. மார்போடு அணைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு வந்தாள். விரலைப் பவர் பட்டன் மேல் வைத்தாள்.

அழுத்தினால் நிற்கும். பாதியில் நிற்கும்.

எழுபத்துமூன்று. அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை.

பீப்.

எண்பத்தொன்பது. மார்பில் கனமே இல்லை. விசில் இல்லை. கழுத்தைச் சுற்றி இரண்டு கைகள் மட்டும், இன்னும் சூடாக, இறுக்கமாக. அவள் குனிந்து பார்க்கவில்லை. அவற்றில் ஒன்று மெல்ல விலகி, திரையை நோக்கி விரலை நீட்டியது.

"அம்மா," காதோரம் குரல் சிரித்தது. "சுத்துது."