ஏழு பிரதிகள்

காட்டுப்பாக்கத்து மூன்றாம் மாடி ஃபிளாட்டில், மழை இருட்டிய அந்த மத்தியானம், நிஷா தேடியது ஒரே ஒரு கணினிக் கோப்பைத்தான். ஆபீசுக்கு எழுதிய நிரலை அவசரத்தில் அவளே அழித்துத் தொலைத்திருந்தாள். கணினி எடுத்து நீட்டியதோ எட்டு. ஒன்று அவளுடையது. மற்ற ஏழும்?

கிட் என்கிற அந்த மென்பொருள், பழைய டப்பாவைக்கூட எறிய மனசு வராதவர்கள் வீட்டுப் பரண் மாதிரி. கோப்பின் பெயரை அது சட்டை செய்யாது. உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு, நாற்பது எழுத்தில் தானே ஒரு பெயர் வைத்துப் பதுக்கிக்கொள்ளும். ஒரு புள்ளி மாறினாலும் வேறு பெயர், வேறு பிரதி. வெளியே அழித்தாலும் பரணில் கிடக்கும். அவள் கணினியில் ஆபீஸ் வேலையை வைக்கும் கோப்புறையில் எது இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பரணேறும்படி நிஷாதான் ஏற்பாடு செய்திருந்தாள். வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது.

முதலாவதைத் திறந்தாள். போன மாதத் தேதி.

"அன்புள்ள அம்மாவுக்கு, என் விருப்பப்படியே வீட்டை விட்டுப் போகிறேன். என்னைத் தேட வேண்டாம். இப்படிக்கு, நிஷா."

அவள் இதை எழுதவில்லை. ஜன்னல் மேல் தகரத்தில் மழை தட்டிக்கொண்டே இருந்தது, சுவரில் ஈரச் சுண்ணாம்பு வாடை ஏறிக்கொண்டிருந்தது, பக்கத்து அறையில் கணவன் ஜஸ்டின் நடப்பதும் பீரோ கீச்சிடுவதும் விட்டுவிட்டுக் கேட்டன. அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்தது. போகப் போக எழுத்து நடை அவளுடையதாகவே ஆகிக்கொண்டு வந்தது. ஆறாவதில் "அம்மா" இல்லை. "ஞானு" என்றிருந்தது.

அம்மா ஞானம்மாளை யாரும் இல்லாதபோது மட்டும்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள். அது தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். கல்யாணமான புதிதில், வெட்கப்பட்டுக்கொண்டே அவளே சொன்னது. பாவி! ஆறு வருஷம் அவள் கையால் சோறு தின்றவன். பயத்தைவிட அதுதான் நெஞ்சை அறுத்தது.

கடைசிப் பிரதி. இன்றைய தேதி. மூன்று மணி பத்து நிமிடம். அவள் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்த நேரம்.

"ஞானு, மழை விட்டதும் கிளம்புறேன்."

பீரோ சத்தம் நின்றது.

"இன்னா நிஷா, டீ போட்டுகினு வரட்டா?"

ஆறு வருஷத்தில் அவன் அடுப்பைப் பற்றவைத்ததே இல்லை.

போனுக்குக் கை நீட்டினாள். சார்ஜர் மட்டும் தொங்கியது. வாசல் கதவைப் பார்த்தாள். மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஆணியில் கைப்பை இல்லை. கதவோரம் அவன் செருப்பு கிடந்தது. அவளுடையது இல்லை.

வெளியே மழை விட்டிருந்தது.