இறுகாத பீப்பாய்

பழைய தேயிலை ஸ்டோருக்குப் பூரணி வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அவள் எரிச்சல்தான் விடவில்லை. அங்கே நடந்து மூடிப்போன ஆய்வுகூடத்துத் தொட்டியில் கிடந்த கதிரியக்கச் சேற்றைச் சீமெந்தோடு குழைத்து, பீப்பாய்களில் கல்லாக இறுக வைத்து அனுப்புவது அவள் வேலை. எல்லாம் இறுகிவிட்டன. ஒன்று மட்டும் எத்தனை தடவை குழைத்தும் களியாகவே கிடந்தது. நாளைக்கு லொறி வரும். இறுகாததை ஏற்ற மாட்டார்கள். இங்கேயே துருப்பிடித்து ஒழுகினால், கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் குடிக்கப் போகும் பீலித் தண்ணீரில் கலந்துவிடும். அந்த லயத்தில்தான் அக்கா தனுஜா பிள்ளையோடு இருக்கிறாள்.

கதவைத் திறந்தாள். காவல்காரர் செல்லசாமி பீப்பாய்க்குள் செம்பைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே ஊத்துறீங்க?"

"தேத்தண்ணிங்க மிஸ்." குரல் கிசுகிசுத்தது. "கஜேந்திரனுக்கு. ஆய்வுகூடம் நடந்தப்ப இந்தத் தொட்டியச் சொரண்ட அவனத்தான் எறக்குனாங்க. மேல வந்ததும் இனிப்பா ஒரு தேத்தண்ணி வேணும்னுட்டு எறங்குனான். பொணமாத்தான் தூக்குனோம்."

பூரணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சீனி பட்டால் சீமெந்து இறுகாது. இதற்காகவா கொழும்பு அதிகாரிகளிடம் இத்தனை வசவு வாங்கினாள்!

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இனிமே ஊத்தாதீங்க."

"குடுக்கலைன்னா தேடி வருவான்ங்க."

அவள் காதில் வாங்கவில்லை. சுண்ணாம்பும் புதுச் சீமெந்தும் கொட்டிக் குழைத்தாள். கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே ஏதோ சுரண்டியது.

எலியாக இருக்கும்.

மறுநாள் கம்பியால் குத்திப் பார்த்தாள். கல். லொறி ஏற்றிக்கொண்டு போனது. கதிரியக்க மீட்டரால் தன் உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள், சத்தமில்லை. அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக லயத்துக்கு இறங்கினாள்.

பனிமூட்டம் கூரைவரை இறங்கியிருந்தது. வாசல் படியில் ஈரக் காலடிகள். சாம்பல் நிறச் சேறு.

"யாருக்கா வந்தது?"

"ஒங்க ஸ்டோர் ஆளுதான்டி. மேலெல்லாம் சேறு, குளுருல நடுங்குறாரு. இனிப்பா ஒரு தேத்தண்ணி வேணும்னாரு. பாதி குடிச்சாரு, திரும்பிப் பாக்குறேன், ஆளக் காணோம்."

"கோப்பை எங்க?"

தனுஜா உள்ளே கை காட்டினாள். அடுப்படியில் பிள்ளை, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து மிச்சத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

பையில், அணைத்து வைத்த மீட்டர் அடிக்கத் தொடங்கியது.