கூழ் ஆறிப்போன ஞாயிறு

"அப்பிடியே நில்லுங்கோ! ஒரு அடிகூட வைக்கக் கூடாது!"

சாரங்கா திடுக்கிட்டுப் போனாள். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள். ஈச்சம்பற்றைக்கு அந்தப் பக்கம், மணல் பாதையில், நீலச் சட்டை போட்ட ஒருவன் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றான்.

சுருக்கென்று கோபம் வந்தது அவளுக்கு. நாலு பழம் பிடுங்க வந்தவளை மாட்டை மறிப்பது போல மறிக்கிறானே... யார் இவன்?

"ஆர் நீங்கள்? இது உங்கட காணியோ? ஈச்சம்பழத்துக்கு இவ்வளவு சத்தமோ?"

"பழம் முழுக்க நீங்களே எடுங்கோ. என்னை எவ்வளவு வேணுமெண்டாலும் பேசுங்கோ. ஆனா நிண்ட இடத்தில நிண்டு பேசுங்கோ. காலை மட்டும் தூக்காதேங்கோ."

"ஏன்?"

அவன் கையை நீட்டிக் காட்டினான். அவள் நடந்துவந்த வழியில், மாடுகள் சாய்த்துவிட்ட கம்பியோடு ஒரு சிவப்புப் பலகை புல்லுக்குள் கிடந்தது. மண்டையோட்டுப் படத்தின் பாதி மட்டும் வெளியே தெரிந்தது.

மிதிவெடி.

கையில் இருந்த பழங்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. அவை விழுந்த சத்தத்துக்கே அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

முரசுமோட்டையிலிருந்து பட்டா எனும் சிறு லொறி ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, பளைக்கு அப்பால் இந்தக் கடலேரிக் கரையில் கூழ் காய்ச்சிக் குடிக்க வந்த ஞாயிறு அது. அம்மா சிவனேஸ்வரி அடுப்பு மூட்டிவிட்டு இறாலை உடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தயாபரன் விறகு முறித்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் உலாத்திவிட்டு வருகிறேன் என்றுதான் சாரங்கா புறப்பட்டாள். இருபத்தேழு வயதில் ஈச்சம்பழத்துக்கு ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

"எங்கட ஆக்களுக்குச் சொல்லிட்டன். வெடி கண்டுபிடிக்கிற மெசினோட வருவினம். முக்கால் மணித்தியாலம் செல்லும்," என்றான் அவன், கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தபடி.

"உங்கட ஆக்களெண்டா...?"

"நான் மிதிவெடி எடுக்கிற ஆள். எட்டு வருசம். பேர் சுதாகரன்."

"அப்ப நீங்களே வந்து கூட்டிக்கொண்டு போகலாம்தானே!"

"மெசின் இல்லாமல் வந்தனெண்டா, பிறகு இரண்டு பேரைத் தூக்க வேண்டி வரும்." சொன்னவன் அவளுடைய முகத்தைக் கண்டு குரலைத் தணித்தான். "ஆனா நான் போகமாட்டன். நீங்கள் வெளியில வரும் மட்டும் இதிலதான் இருப்பன்."

அப்படியே மணலில் சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். "அண்ணை, அம்மாவை இறுக்கிப் பிடியுங்கோ! பாதையை விட்டு இறங்க விடாதேங்கோ!" என்று சுதாகரன் கத்த, தயாபரன் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அம்மா கத்தவில்லை, அழவுமில்லை. வாய் திறந்தது திறந்தபடி நின்றாள். அதைப் பார்த்ததும்தான் சாரங்கா தன் காலடி மண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"அங்க பாக்காதேங்கோ. கீழயும் பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ," என்றான் அவன்.

பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம். நெற்றியில் தொப்பி பதிந்த கோடு. கண்கள் மட்டும்... எந்த அவசரமும் இல்லாத கண்கள்.

"என்ன சமையல் நடக்குது? வாசம் வருது."

"கூ... கூழ்."

"எப்பிடிக் காய்ச்சிறது?"

"இப்ப அதுவோ முக்கியம்?"

"எனக்கு முக்கியம். என்ர அம்மா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆள். கூழ் காய்ச்சத் தெரியாது. சொல்லுங்கோ."

சொன்னாள். பனங்கிழங்கு ஒடியல் மாவை ஊற வைப்பதை, நண்டையும் இறாலையும் மீன் தலையையும் அவிய விடுவதை, பயித்தங்காயையும் மரவள்ளியையும் பலாக்கொட்டையையும் போடுவதை... குரல் நடுங்கும் போதெல்லாம் அவன் "அதுக்குப் பிறகு?" என்று கேட்டான். புளியை மறந்துவிட்டாள். "புளி விடுறேல்லையோ?" என்று அவனே எடுத்துக் கொடுத்தான்.

"உங்களுக்குத் தெரியும்போல!"

"பக்கத்து வீட்டில குடிச்சிருக்கிறன்," என்று சிரித்தான். பாவி... தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறான்!

அப்போதுதான் கணுக்காலில் ஏதோ ஊர்ந்தது. எறும்புகள். ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கூட்டமே ஏறிற்று. முதல் கடி நெருப்பாகச் சுட்டது. கால் தானாகவே உதறப் பார்த்தது.

"சாரங்கா!"

கூப்பிட்டவன் சுதாகரன். அண்ணன் முன்பு கத்தியதைக் கேட்டுப் பெயரைப் பிடித்திருக்க வேண்டும். அவன் எழுந்து முழங்காலில் நின்றான். முதன்முறையாக அந்தக் கண்களில் ஒரு கலக்கம்.

"எறும்பு... ஐயோ, எறும்பு கடிக்குது..."

"கடிக்கட்டும். அழுங்கோ, கத்துங்கோ, என்னைத் திட்டுங்கோ. கால் மட்டும் அங்கயே இருக்கட்டும்... என்னைப் பாருங்கோ..."

அழுதாள். கண்ணீர் மறைத்தும் அவனையே பார்த்துக்கொண்டு அழுதாள். அவனும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பின் தெரியாத ஒருவனை இவ்வளவு நேரம் கண்ணுக்குள் பார்த்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"நீங்கள்... லீவு நாளிலயும் ஏன் இந்தப் பக்கம் வாறனீங்கள்?" விக்கலுக்கு நடுவே கேட்டாள்.

"வேலை நாளில ஒரு முழ நிலத்தைத்தான் பாத்துக்கொண்டிருப்பன். அதுக்கு அங்கால பாக்கக் கூடாது. அதால ஞாயிற்றுக்கிழமையில தண்ணிக் கரைக்கு வந்து தூரத்தைப் பாக்கிறது. சும்மா... கொக்கு, தோணி, அக்கரைப் பனை... அதுதான் என்ர சந்தோசம்."

ஐம்பது நிமிடம் கழித்து ஆட்கள் வந்தார்கள். மெசினை மண்ணுக்கு மேல் வீசி வீசி, அங்குலம் அங்குலமாக அவளிடம் வந்து சேர்ந்தார்கள். அவளுடைய வலது பாதத்துக்கு இரண்டு சாண் முன்னால், வெடி கிடந்த இடத்துக்கு அடையாளமாக, ஒரு சிவப்புக் கம்பை ஊன்றினார்கள். அந்த இடத்தில்தான் அடுத்த அடியை வைக்க இருந்தாள்...

பாதைக்கு வந்ததும் கால் மடிந்தது. விழாமல் தாங்கியது அவனுடைய கை. அந்தக் கை வியர்த்து ஈரமாக இருந்தது.

கூழ் ஆறிப் போயிருந்தது. அம்மா பலா இலையைப் பிலாவாகக் கோலி, முதல் கூழை அவனுக்குத்தான் வார்த்தாள்.

சனிக்கிழமை காலை, கிளிநொச்சியில் சாரங்கா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் கதவு திறந்தது. நீலச் சட்டை இல்லை, வெள்ளைச் சட்டை. தலைமுடி படிய வாரியிருந்தது.

"கண் பாக்கோணும்," என்றான் சுதாகரன்.

நிமிராமலே அட்டையில் பெயர், வயது, விலாசம் எழுதினாள். கதிரையில் இருத்தி, சுவரில் தொங்கிய எழுத்துகளை வாசிக்கச் சொன்னாள். கடைசி வரியின் கடைசி எழுத்து வரைக்கும் மளமளவென்று வாசித்து முடித்தான்.

"கண்ணில ஒரு பிழையும் இல்லையே. பிறகேன் வந்தனீங்கள்?"

"பிழை இல்லையெண்டு நிச்சயப்படுத்தத்தான். அண்டைக்கு அழுத ஒரு முகம் கண்ணை விட்டுப் போகுதில்லை... அதுதான் கேக்கிறன், ஏதும் மருந்து இருக்கோ?"

"அதுக்கு இந்தக் கடையில மருந்தில்லை!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய முகம் சிவந்து கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை வெயில் கண்ணாடி வாங்க வந்தான். அதற்கடுத்த கிழமை அதன் ஆணி கழன்றுவிட்டதாம். மூன்று மாதத்தில் அந்த ஆணி எட்டுத் தடவை கழன்றது. நடுவே தொலைபேசிக் கதைகளும் வளர்ந்தன. அவன் கொக்குகளைப் பற்றிச் சொல்வான். அவள் வீட்டு முற்றத்துச் செவ்வரத்தம் பூவைப் பற்றி, மழை நேரத்துக் கோப்பியோடு கடித்துக்கொள்ளும் பனங்கட்டியைப் பற்றிச் சொல்வாள்.

"அந்த வேலையை விட ஏலாதோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சக் காணிதான் கிடக்கு. காணிக்காரர் வேலிக்கு வெளியில வந்து நிண்டு பாத்திட்டுப் போகினம். எப்பிடி விடுறது?"

அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் வேலைசெய்யும் ஒவ்வொரு காலையிலும் கைபேசியைக் கண் முன்னாலேயே வைத்திருந்தாள். எங்காவது ஒரு கதவு படாரென்று அடித்தாலும் எழுந்து நின்றாள். இரண்டு மணிக்கு 'முடிஞ்சுது' என்று அவனிடமிருந்து செய்தி வந்த பிறகுதான் சாப்பாட்டுப் பொதியை அவிழ்ப்பாள்.

புரட்டாதியில் விஷயம் அம்மாவின் காதுக்கு எட்டியது.

"அவை வேற ஆக்கள், பிள்ளை. மலைநாட்டிலயிருந்து வந்தவை. நாளைக்குச் சொந்தக்காரருக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"அண்டைக்கு அவர் உங்கட கையால கூழ் வாங்கிக் குடிக்கேக்க வேற ஆளாத் தெரியேல்லையோ, அம்மா?"

சிவனேஸ்வரி அகப்பையைக் குசினி நிலத்தில் வைத்தாள்.  பிறகு, "அந்த வேலை வேண்டாம்..." என்றாள், குரல் உடைய. "உன்ர அப்பா கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில மாவு வாங்கியாறன் எண்டு போனவர், திரும்பி வரேல்லை. பதினைஞ்சு வருசம் வாசல் படலையைப் பாத்திட்டன். நீயும் பாக்கப் போறியோ?"

சாரங்கா எழுந்து முற்றத்துக்குப் போனாள். அவளுக்குள் இருந்த பயமும் அதேதான்.

அந்த வாரச் சனிக்கிழமை சுதாகரன் வரவில்லை. தொலைபேசி அணைந்து கிடந்தது. ஞாயிறும் போனது, திங்களும் போனது. இரண்டு மணிச் செய்தியும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கதவு அவனுக்காகத் திறக்கவில்லை. கண்ணாடி வாங்க வந்த பளைப் பெரியவர் ஒருவர், யாரிடமோ கதையோடு கதையாகச் சொன்னார்: "வியாழக்கிழமை எங்கட பக்கம் பெரிய வெடிச்சத்தம். வீட்டு ஓடெல்லாம் அதிர்ந்து போச்சுது."

சாரங்காவின் கையிலிருந்த கண்ணாடி நிலத்தில் விழுந்து உடைந்தது.

எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முற்றத்தில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. 

சிவனேஸ்வரி மகளின் முகத்தைப் பார்த்தாள். என்ன ஏது என்று முழுக்கக் கேட்கவுமில்லை. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"நான்தான் பிள்ளை... உன்ர போனில நம்பரை எடுத்து, இனி வர வேண்டாமெண்டு அந்தத் தம்பிக்குச் சொன்னனான்."

"அம்மா!"

"என்னைப் பிறகு பேசு. அந்தப் பொடியன்ர விலாசம் தெரியுமோ?"

"கடை அட்டையில... நான்தான் எழுதினனான்... மறக்கேல்லை..."

"வா. உயிரோட இருக்கோ இல்லையோ எண்டு தெரியாமல் ஒரு இரவுகூட நீ இருக்கக் கூடாது. எனக்குத் தெரியும் அது என்னெண்டு. நட."

பரந்தன் வரை ஆட்டோ. அங்கிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்து. ஆனையிறவில் மழை பிடித்துக்கொண்டது. உப்பளமும் வானமும் ஒன்றாகிச் சாம்பல் நிறமாகிவிட்டன. பேருந்து குழியில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் சாரங்காவுக்கு அந்த வெடிச்சத்தம் கேட்டது. 'முருகா... என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, என்னை மறந்துவிட்டாலும் பரவாயில்லை... இருக்கட்டும், இருந்தால் போதும்...' அம்மா அவளுடைய விரல்களைப் பிடித்த பிடியைப் பளை வரும்வரை விடவேயில்லை.

பளைச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் தகரக் கூரை போட்ட வீடு. முற்றத்தில் ஆட்கள் இல்லை. கதிரைகள் அடுக்கி வைத்திருக்கவில்லை. செத்தவீட்டுக்குரிய எதுவும் இல்லை. ஆனாலும் சாரங்காவுக்குப் படலையைத் தொடக் கை எழவில்லை. அம்மாதான் திறந்தாள்.

உள்ளேயிருந்து அவனுடைய தாய் வடிவம்மா வந்தாள். "யாருங்க? மழையில நிக்கிறீங்களே, உள்ள வாங்க..."

"சுதாகரன்..." சாரங்காவால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

"பின்னால மாட்டுக் கொட்டில்ல இருக்கான்மா. கூரை ஒழுகுதுன்னு..."

அவள் ஓடினாள். மழைக்குள், சேற்றுக்குள், செருப்பு ஒன்று கழன்றுபோக ஓடினாள்.

கொட்டிலுக்குள் ஏணியில் நின்று தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் சத்தம் கேட்டுத் திரும்பினான். முழுதாக. இரண்டு கை, இரண்டு கால், அந்த இரண்டு கண்.

"சாரங்கா! என்ன நடந்தது?"

"என்ன நடந்ததோ! வியாழக்கிழமை வெடிச்சத்தமாம்... போனும் வேலை செய்யேல்லை... நான் செத்துச் செத்து வாறன், நீர் இதில நிண்டு கூரை மேயுறீர்!"

மரியாதையெல்லாம் காற்றில் பறந்தது. அவன் இறங்கி வந்தான்.

"அது எடுத்த வெடியளை ஒண்டாச் சேர்த்து வெடிக்க வைச்ச சத்தம். மாசத்தில ஒருக்கா நடக்கிறது." சற்றுத் தயங்கினான். "நான் அங்க இல்லை. பத்து நாளா வேலைக்குப் போகேல்லை."

"ஏன்?"

"உங்கட அம்மா வர வேண்டாமெண்டவா. சரியெண்டு சொல்லிப்போட்டன். போன் திறந்து கிடந்தா சொன்ன சொல்லை மீறிப்போடுவன் எண்டு அணைச்சு வைச்சனான். அடுத்த நாள் காலமை நிலத்தில குனிஞ்சனான்... கை நடுங்கிச்சுது. எட்டு வருசத்தில முதல் தரம். உடன எழும்பிப் போய்ப் பொறுப்பாளரிட்டச் சொன்னன். நடுங்கிற கையோட அங்க நிக்கக் கூடாது. ஓய்வெடுத்திட்டு வா எண்டு அனுப்பிவிட்டினம்."

"உங்களுக்கும் பயமோ?"

"முந்தி இல்லை. எனக்கு ஏதும் நடந்தா அம்மா மட்டும்தான் அழுவா எண்டு நினைச்சிருந்தன். இப்ப..." அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். மழை தகரத்தில் கொட்டியது. "இப்ப இருக்கோணும்போல கிடக்கு, சாரங்கா. கன காலம் இருக்கோணும்போல. உங்களோட. அதை நினைக்கத்தான் கை நடுங்குது."

சாரங்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கையை எடுத்தாள்.

"நான் தைரியமான பொம்பிளை இல்லை. நீங்கள் அந்த வேலையில இருக்கும் மட்டும் ஒவ்வொரு நாளும் பயப்பிடுவன். அது எனக்குப் பழகாது. இரண்டு மணிக்கு ஒரு நிமிசம் பிந்தினாலும் அழுவன், சண்டை பிடிப்பன்..."

"பிடியுங்கோ."

"சிரிக்காதேங்கோ! இந்தப் பத்து நாளும் நான் பட்டதைவிட, உங்களுக்குப் பக்கத்தில இருந்து பயப்பிடுறது லேசு. அதுதான் சொல்ல வந்தனான். எனக்கு உங்களை விருப்பம். பயத்தோடதான்... ஆனா நல்லா விருப்பம்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவனுடைய கை மெல்ல அவளுடைய விரல்களைத் தேடி வந்தது. உண்மைதான், நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவளுடையதும் நடுங்கியது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது எது யாருடைய நடுக்கம் என்று தெரியவில்லை...

சிவனேஸ்வரி கொட்டில் வாசலில் வந்து நின்றாள். மழையில் தோய்ந்த சேலையைப் பிழிந்தபடி, கோர்த்திருந்த கைகளை ஒருமுறை பார்த்தாள்.

"தம்பி," என்றாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல் அந்தப் போனைத் திறவும்."