மூச்சைத் திருடியவன்

செல்போன் அலறியது!

ஞாயிற்றுக்கிழமை காலை. கே.ஜி.எஃப். என்ற தங்கச் சுரங்க ஊரில், சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ராதிகா, பிரஷ்ஷை வாயில் கவ்வியபடியே எடுத்தாள்.

"ராதிகா! ஓடியாம்மா... சீக்கிரம் ஓடியா!"

பக்கத்து வீட்டு தெரசா அக்கா. குரல் உடைந்திருந்தது.

"இன்னாக்கா? இன்னாச்சு?"

"நம்ம தங்கவேலண்ணன்... சயனைடு டம்ப் மேல செத்துக் கெடக்கறாரும்மா! தலையெல்லாம் ரத்தம்!"

பிரஷ் கீழே விழுந்தது.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள் ராதிகா. ஓடும்போதே அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது.

ஏன் வராது?

இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவி அவள். அப்பா தங்கச் சுரங்கத்தில் பாறை உடைத்தவர். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். டி.பி. என்று எழுதிக் கை கழுவினார்கள் டாக்டர்கள். டி.பி.யாவது, மண்ணாங்கட்டியாவது! பாறைத் தூசி நுரையீரலில் படிந்து இறுகிப்போகும் சிலிகோசிஸ் அது.

அதை நிரூபிக்கத்தான் படித்தாள். நீட் தேர்வில் முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை ஜெயித்து, மாரிக்குப்பம் ரயிலில் தொங்கிக்கொண்டு படித்தாள். இரண்டு வருட ஆராய்ச்சி! சாம்பியன் ரீப்ஸ், கோரமண்டல் என்று வீடு வீடாக ஏறி இறங்கி, பழைய தொழிலாளிகளைக் கருவியில் ஊதவைத்து, எக்ஸ்ரே எடுக்கவைத்து, தெருவில் நடக்கவைத்து...

கட்டுரை அச்சில் வந்தது.

எழுதியவர் பெயர்? டாக்டர் சுனில்! அவளுடைய கைடு பேராசிரியரின் அருமைப் புதல்வன்!

ராதிகாவின் பெயர் கடைசி வரியில் நன்றி சொல்வதற்குக்கூட இல்லை. படுபாவிகள்! அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் சுனிலுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம்.

விட்டுவிடுவாளா? புகார் கொடுத்தாள். நாளை திங்கட்கிழமை கல்லூரியில் விசாரணை.

கருவியில் ஊதிய மற்ற தொழிலாளிகள் எல்லோரும் பேராசிரியரின் ஆஸ்பத்திரியில் இலவச மருந்து வாங்குகிறவர்கள். வாயே திறக்கவில்லை. தங்கவேலு ஒருவர்தான், "நான் வரேம்மா. எங்களை ஊத வெச்சது நீதான். அந்தப் பையன் மூஞ்சியக்கூட நான் பார்த்ததில்லன்னு சொல்றேன், எவன் இன்னா பண்றான் பாக்கலாம்" என்று கிளம்பியிருந்தார்.

அவர்தான் இப்போது...

லைன் வீடுகளுக்குப் பின்னால் நிற்கிறது சயனைடு டம்ப். தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய மண், குவிந்து குவிந்து மலையாகிப்போன இடம். அதன் உச்சியில் நாலு போலீஸ்காரர்கள். அடிவாரத்தில் ஜீப்.

ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார் இன்ஸ்பெக்டர் மமதா.

"நீதான் ராதிகாவா? விடிகாலையில எங்கம்மா இருந்தே?"

"வீட்ல. தூங்கிட்டிருந்தேன்."

"சாட்சி?"

"தூங்கறதுக்கு யாரு மேடம் சாட்சி வெச்சிக்கறாங்க?"

மமதாவின் புருவம் உயர்ந்தது. "வாய்க்குக் குறைச்சல் இல்ல. ஆனா இவர் வேற மாதிரி சொல்றாரே?"

ஜீப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான் ஒருவன். கூலிங்கிளாஸ். இஸ்திரி கலையாத சட்டை. ஜிம்முக்குப் போய் வளர்த்த தோள்கள்.

சுனில்!

"நீயா?" பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள் ராதிகா. "எங்கூர்ல உனக்கு இன்னாடா வேலை?"

ஹெட் கான்ஸ்டபிள் சம்பங்கி அவளைப் பிடித்து இழுப்பதற்குள் இரண்டு பட்டன்கள் போயின.

"பாத்தீங்களா மேடம், எவ்ளோ வயலண்ட்டுன்னு!" கசங்கிய காலரை நீவிக்கொண்டான் சுனில். "ஆக்சுவலி, என்னோட பேஷன்ட் தங்கவேலுவைப் பாக்கத்தான் விடிகாலையில வந்தேன். வீட்ல ஆளில்ல. திரும்பிப் பாத்தா டம்ப் மேல ஏறிட்டிருக்கார். விறுவிறுன்னு! பின்னாலயே இவ. மேல ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. அப்புறம் ஒரு அலறல்... இவ மட்டும் இறங்கி ஓடினா!"

"அடப்பாவி! அவரு என் சாட்சிடா! நான் ஏன்டா அவரைக் கொல்லணும்?"

"உன் சாட்சியா?" சுனில் சிரித்தான். "மேடம், தங்கவேலு மனசு மாறிட்டார். 'ரிசர்ச் சுனிலோடதுதான்'னு நாளைக்கு உண்மையச் சொல்றதா எங்கிட்ட போன்ல சொன்னார். அது தெரிஞ்சுதான் இவ தீத்துட்டா."

நாக்கா அது? நஞ்சா?

கூட்டம் முணுமுணுத்தது. நேற்றுவரை 'டாக்டரம்மா' என்றவர்களின் பார்வை மாறுவதை ராதிகா கண்ணால் பார்த்தாள்.

"ஜீப்ல ஏறும்மா," என்றார் மமதா. "ஸ்டேஷன்ல பேசலாம்."

அவ்வளவுதான். ஜீப்பில் கால் வைத்தால் படிப்பு போச்சு. ஆராய்ச்சி போச்சு. கொலைகாரி என்ற பெயர்தான் மிச்சம்.

கால் வைக்கப் போனவள் நின்றாள். டம்ப்பின் உச்சியை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

விறுவிறுன்னு... ஏறினாராம்!

"மேடம்... ஜீப்ல ஏறறேன். அதுக்கு முன்னாடி இவனை நாலே நாலு கேள்வி கேட்டுக்கட்டுமா?"

"கேளு. கை நீட்டினே, விலங்கு மாட்டிடுவேன்!"

ராதிகா அவனெதிரே போய் நின்றாள்.

"அந்த ரிசர்ச் யாருதுடா?"

"என்னோடது. பிரின்ட்ல என் பேர்தானே இருக்கு?"

"தங்கவேலு பெரியப்பாவை டெஸ்ட் பண்ணது?"

"நான்தான்."

"உன் கையால?"

"என் கையால! ஊத வச்சேன், எக்ஸ்ரே பாத்தேன், நடக்க வச்சேன். போதுமா?"

"மேடம், இதை நல்லாக் கேட்டுக்கோங்க." ராதிகா சுனில் பக்கம் திரும்பினாள். "சரிடா... நடக்க வெச்சியே, எவ்ளோ தூரம் நடந்தாரு?"

சுனில் கூலிங்கிளாஸைச் சரிசெய்துகொண்டான்.

"எவ்ளோ தூரம்னா... நார்மலா நடந்தார். ஸ்ட்ராங் ஆளு! நெஞ்சைப் பாத்தாலே தெரியலையா, பயில்வான் மாதிரி?"

ராதிகா சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

"அது பயில்வான் நெஞ்சு இல்லடா முட்டாள்! உள்ள போன காத்து வெளிய வராம, பீப்பா மாதிரி உப்பிப்போன நெஞ்சு! மேடம், ஊரே தூங்கற நேரமாப் பாத்து, பெரியப்பாவை சமமான தெருவுல நான் நடக்க வெச்சேன். எட்டு வீடு தாண்டல. உதடு நீலமாகி, நடுத்தெருவுல குந்திட்டாரு. அவரு இந்த டம்ப் மேல ஏறினாராம்... அதுவும் விறுவிறுன்னு!"

"அய்யோ!" தெரசா வாயைப் பொத்திக்கொண்டாள். "நாள் பூரா வாசல்ல சேரைப் போட்டுக் குந்திக்கினு ஊரையே அதட்டுவாரே... சோம்பேறின்னு இல்ல நாங்க நெனச்சிக்கினு இருந்தோம்!"

"எழுந்து நடந்தா குட்டு வெளிப்பட்டுடும்க்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ராதிகா. "மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சா அந்தக் காலத்துல சுரங்க ஷாஃப்ட்ல இறங்க விடமாட்டாங்க, கூலி கம்மியான சர்ஃபேஸ் வேலைக்கு, மேலேயே தள்ளிடுவாங்கன்னு எங்காளுங்க மறைச்சி மறைச்சியே பழகிட்டாங்க. மைன் மூடி எவ்ளோ வருஷமாச்சு... அந்தப் பழக்கம் மட்டும் போகல. எவன்கிட்டயும் சொல்லாதன்னு என்கிட்டயே சத்தியம் வாங்கினாரு பெரியப்பா. டெஸ்ட் பண்ண ஆளைத் தவிர வேற யாருக்கும் தெரியாது!"

இன்ஸ்பெக்டர் மமதா ஜீப்பை விட்டு நிமிர்ந்து நின்றார்.

"இதுக்கு ஆதாரம்?"

"போஸ்ட்மார்ட்டத்துல நெஞ்சைத் திறந்து பாருங்க மேடம். நுரையீரல் கல்லு மாதிரி இருக்கும். அவ்ளோ தூரம்கூட வேணாம். அவரு எட்டு வீடு தாண்டாதது, பேரை விட்டுட்டு வயசை மட்டும் போட்டு, அந்தக் கட்டுரையிலயே இருக்கு." சுனிலைப் பார்த்துக் காறித் துப்பாத குறையாகச் சொன்னாள். "திருடினவன் திருடினதை ஒரு தடவை படிச்சிப் பார்த்திருக்கலாம்!"

கூட்டத்தின் பார்வை சுனில் பக்கம் திரும்பியது.

மமதா மெல்ல நடந்து சுனிலிடம் வந்தார். அவனுடைய கூலிங்கிளாஸை அவரே கழற்றினார்.

"டாக்டர் சார், எனக்கு ஒரு சின்னக் குழப்பம். டெஸ்ட் பண்ணது நீங்கதான்னா, அவரால ஏற முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். அப்ப ஏறினதைப் பாத்தேன்னு சொன்னது பொய். இல்ல, அவர் நிஜமாவே ஏறினார்னா உங்க கட்டுரை பொய். எது சார் பொய்?"

சுனிலின் நெற்றியில் வியர்வை பொடித்தது.

"மேடம்... அது வந்து..."

"எது பொய்?"

"நான் டெஸ்ட் பண்ணல!" வெடித்தான் சுனில். "அந்த ரிசர்ச் என்னோடது இல்ல மேடம்! எல்லாமே அவளோடது! அப்பாதான் என் பேரைப் போட்டார்! அந்தாளோட லங்ஸ் பத்தி எனக்கு எதுவுமே தெரியாது! தெரிஞ்சிருந்தா அவ்ளோ உயரத்துக்கு நான் ஏன் தூக்கிட்டுப் போகப் போறேன்..."

சட்டென்று வாயை மூடினான்.

டூ லேட்!

சம்பங்கியின் கை அவன் தோளில் இடியாக இறங்கியது.

அதற்குப்பிறகு எல்லாம் தானாகக் கொட்டியது. 'நாளைக்கு வராதே' என்று கெஞ்சப் போயிருக்கிறான். கிழவர் மசியவில்லை. 'எங்க பொண்ணு உழைப்புடா அது, வெளிய போ' என்று கத்தியிருக்கிறார். பிடித்துத் தள்ளினான். பின்கட்டில் கிடந்த அம்மிக்கல்லில் மண்டை மோதியது. கே.ஜி.எஃப். ஆட்கள் என்றால் டம்ப்பில் ஏறாமலா இருப்பார்கள் என்ற நினைப்பில், இருட்டு விலகுவதற்குள் மேலே தூக்கிப் போட்டுவிட்டு, ரத்தம் பட்ட சட்டையை மாற்றிக்கொண்டு சாட்சி சொல்ல வந்துவிட்டான். பழியை ராதிகா தலையில் போட்டால் புகாரும் ஒழியும், பொண்ணும் ஒழிவாள்!

பளார்!

ராதிகாவின் கை அவன் கன்னத்தில் பதிந்தது. விலங்கு மாட்டுவேன் என்று மிரட்டிய இன்ஸ்பெக்டர், அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கிழவரோட மூச்சைக்கூட விட்டு வைக்கலையேடா நீ!" என்று கத்திவிட்டு, தெரசாவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள் ராதிகா. இரண்டு வருடம் அந்த நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டவள் அவள்.

விலங்கு சுனிலின் கையில் ஏறியது.

"மேடம், ப்ளீஸ்..." அவன் கெஞ்சினான். "என் பேரு மட்டும் வெளிய வராமப் பாத்துக்கோங்க!"

"அதெப்படி சார்?" ஜீப் கதவைத் திறந்து விட்டார் மமதா. "இவ்ளோ பெரிய மலை மேல நீங்களே தூக்கிட்டு ஏறியிருக்கீங்க. எஃப்.ஐ.ஆர்.ல உங்க பேருதான் முதல்ல வரும். கவலைப்படாதீங்க... இதுக்கு யாரும் பங்கு கேட்டுப் புகார் கொடுக்க மாட்டாங்க!"