வாய் வைத்துக் குடித்த தண்ணீர்

காலை ஆறு மணிக்குக் கும்பக்கரையில் மலையேறத் தொடங்கும்போதே பொன்னுவேலின் மூக்குக்குள் ஏதோ நகர்ந்தது. சளியாக இருக்கும் என்று சிந்திப் பார்த்தான். சளி வரவில்லை. கைக்குட்டையில் காலணா அகலத்துக்கு ரத்தம்தான் இருந்தது. அவசரமாக மடித்துப் பைக்குள் திணித்தான்.

யாரும் பார்த்துவிடக் கூடாது. இமயமலை ஏறப் போகும் குழுவில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. முப்பது ராத்தல் மணல் மூட்டையோடு பகல் பன்னிரண்டு மணிக்குள் வட்டக்கானல் போய்ச் சேர்ந்தால் அந்த இடம் அவனுக்கு. அங்கே கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் குழுத் தலைவர் சேனாதிபதி, பட்டாளத்தில் மேஜராக இருந்தவர். மூக்கில் ரத்தம் வருகிற ஆளைப் பனிமலைக்குக் கூட்டிப் போகமாட்டேன் என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். இடம் கிடைக்காவிட்டால் பழனி திரும்பி, அப்பாவின் தோளிலிருந்து அபிஷேகத் தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொண்டு ஆயுசுக்கும் அதே படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவனுக்கு எரிச்சலாக வந்தது.

துணைக்கு வந்த சின்னக்கருப்பன் நடுமலையில் இருக்கும் வெள்ளகவி ஊர்க்காரர், பூண்டு மூட்டை சுமந்தே இந்தப் பாதையைத் தேய்த்தவர். இரண்டு வாரத்துக்கு முன் பழகிக்கொள்வதற்காக இருவரும் ஏறியபோது, ஓடையில் துண்டை விரித்து அதன் வழியாக உறிஞ்சித்தான் அவர் தண்ணீர் குடித்தார். பொன்னுவேல் சிரித்தான்.

"மலைத் தண்ணி தீர்த்தம்ணே. தீர்த்தத்த எவனாச்சும் வடிகட்டிக் குடிப்பானா?"

"ஒங்க ஊருல தீர்த்தமா இருக்கும் தம்பி. இங்க எங்களோட வேற எதெல்லாமோ குடிக்குதுங்க. வாய் வச்சுக் குடிக்காதீக."

அவன் கேட்கவில்லை. குப்புறப் படுத்து, மாடு மாதிரி வாய் வைத்து, வயிறு முட்டக் குடித்தான்.

அன்றைக்குப் பிறகுதான் இந்த நாற்றம். துருப்பிடித்த ஆணியும் ஊசிப்போன கறியும் சேர்ந்த ஒரு கவுச்சி மூக்குக்குள்ளேயே குடியிருந்தது. சோற்றில் அடித்தது, தலையணையில் அடித்தது, இப்போது ஈரச் சருகும் பாசியும் மணக்கிற இந்தக் காட்டுப் பாதையிலும் மூச்சுக்கு மூச்சு அதுவே அடித்தது. இன்னொன்றையும் கவனித்திருந்தான். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பது விழித்துக்கொள்கிறது. மூடுபனிக்குள் எங்கோ ஓடை சலசலக்கும். மூக்குத்தண்டுக்குப் பின்னால் ஒரு சுருள் மெல்ல அவிழும். பாதை தண்ணீரை நெருங்க நெருங்க அது வழுக்கிக்கொண்டு கீழே வரும். ஓடைகளை அவன் அண்ணாந்து வானம் பார்த்தபடியே தாண்டினான். இரண்டு முறை கால் வழுக்கியது.

வெள்ளகவியில் ஊருக்குள் செருப்பு ஆகாது என்பதால் பூட்சைக் கழற்றக் குனிந்தான். பக்கத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

மேலுதட்டில் குளிர்ச்சியாக, வழவழப்பாக ஏதோ பட்டது. அவனை அறியாமல் நாக்கு போய்த் தொட்டது.

அதற்கு ஒரு நுனி இருந்தது. அது நாக்கை உறிஞ்சிப் பார்த்தது.

"ஐயய்யோ அண்ணே..."

சின்னக்கருப்பன் ஒரே பார்வையில் கண்டுகொண்டார். "வாய் வச்சுக் குடிக்காதீகன்னு சொன்னேன்ல? அசையாதீங்க. மூஞ்சியத் தொட்டிக்கு நேரா வைங்க. தண்ணி வாடைக்கு அதுவா எறங்கும்." விரலில் துண்டைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தார். வந்தது. தண்ணீரைத் தேடி, தலையை இங்குமங்கும் ஆட்டிக்கொண்டு வந்தது. பிடித்து இழுத்தார். மண்டைக்குள் எங்கோ ஒட்டியிருந்தது பிடிவிட மறுத்தது. பிறகு சளக்கென்று கழன்றது. சுண்டுவிரல் நீளத்தில் ஓர் அட்டை, கறுத்து, கொழுத்து. கல்லால் நசுக்கினார். கல் சிவந்தது. அத்தனையும் தன் ரத்தம் என்று பட்டதும் பொன்னுவேல் அங்கேயே வாந்தி எடுத்தான்.

"இன்னுஞ் செத்த குனிஞ்சே இருங்க தம்பி. ஒன்னுதேன் இருந்துச்சான்னு பாத்துருவோம்."

மணி ஒன்பதேகால். மலையில் இன்னும் பாதி பாக்கி.

"நேரமில்லண்ணே."

"சொன்னாக் கேளுங்க. குட்டி போட்டுருந்தா..."

"நேரமில்லைங்கிறேன்ல!"

மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினான். என்ன ஆச்சரியம், மூச்சு திறந்துவிட்டது. நாற்றம் போயிற்று. அடுத்த ஓடையை நேராகப் பார்த்தே தாண்டினான். மூக்குக்குள் எதுவும் அசையவில்லை. சந்தோஷத்தில் பாடலாம் போல இருந்தது. கண் மட்டும் லேசாக உறுத்தியது. வியர்வை இறங்கியிருக்கும் என்று துடைத்துக்கொண்டான்.

வட்டக்கானல் மேட்டில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சேனாதிபதி கடிகாரத்தைப் பார்த்து எழுந்தேவிட்டார்.

"பதினொன்னு அம்பத்திரெண்டு! வெரி குட். அண்ணாந்து காட்டு. மூக்கு க்ளீன். உன் பேரையே எழுதிடறேன். முதல்ல தண்ணியக் குடி."

பேனா பேப்பரில் உரசும் சத்தம் கேட்டது. பொன்னுவேலின் கண் கலங்கியது. இனி அந்தக் குடம் இல்லை, அந்தப் படிக்கட்டு இல்லை. கண்ணாடி டம்ளரை இரு கையாலும் வாங்கிக் குனிந்தான்.

மூக்கு சும்மா இருந்தது.

வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு சுருள் அவிழ்ந்தது.

கீழிமைக்குள் குளிர்ந்தது. மூக்கோரக் கண்முனை விரிந்தது. வலிக்கவில்லை.

பார்வையின் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஏதோ எழுந்தது. மிக அருகில். அவ்வளவு அருகில் இருந்ததால் உருவம் பிடிபடவில்லை. நீண்டது. தலையை ஆட்டியது. தண்ணீரைத் தேடியது.

பேனா நின்றுவிட்டது.

பொன்னுவேல் கண்ணை மூடினான். இமை பாதியில் மெத்தென்ற எதன் மேலோ இறங்கி, அதற்குமேல் மூடாமல் நின்றது.