சுவருக்கும் கம்பளத்துக்கும் நடுவில்

காலையில் சுவரைத் தொட்டுக்கொண்டு கிடந்த கம்பளம் இப்போது ஒரு விரல் தள்ளி நின்றது. நாகவல்லி இடது கையை வைத்து அளந்து பார்த்தாள். அந்தக் கையில் இரண்டு விரல்கள் நேராக நீளாது. போன தீபாவளிக்கு ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்ததற்காக, புருஷன் கஜபதி அவற்றை மடக்கி ஒடித்திருந்தான்.

கம்பளமும் அறையைச் சூடாக்கும் ஹீட்டரும் மிலிட்டரி ஏலத்தில் அவன் எடுத்து வந்தவை. ஆவடியில் ஹீட்டரா என்று ஃபாக்டரி குவார்ட்டர்ஸே சிரித்தது. சிரித்தவர்களிடம் அவன் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவளை அடித்தான்.

நேற்று குடித்துவிட்டு அந்தக் கம்பளத்தின் மேலேயே வாந்தி எடுத்தவனும் அவன்தான். "சாயங்காலம் போர்மேன் ஊட்டுக்கு வராரு. கறை கீறை இருந்துச்சு, உன் தோல உரிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டு ஃபாக்டரிக்குப் போனான்.

அவள் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். வெளியே ஐப்பசி மழை. அதனால் உள்ளேயே விரித்து, ஓரங்களைத் தரையோடு ஆணி அடித்து, ஹீட்டரின் இரண்டு கம்பிகளையும் சிவக்க விட்டாள். பக்கத்து வீட்டு ராஜம்மா தன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"கம்பளிக்கு சுடுதண்ணியா ஊத்துன? அதுமேல சூடு வேற காட்டிகினு கீற! சுருங்கிப் பூடும்டி!"

"நிறுத்திட்டா ஈரம் காயாதேக்கா. ஈரத்தப் பாத்தாலும் அடிப்பாரு."

ராஜம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கதவடைத்த அறையில் ஈரக் கம்பளியின் வாடை, ஏதோ மிருகம் மூச்சு விடும் வாடையாக மூக்கில் ஏறி நெஞ்சில் உட்கார, ஓட்டின் மேல் மழை இரைந்துகொண்டே இருக்க, அதற்கு அடியில் இன்னொரு சத்தம், நூல் நூலாக எதுவோ இறுகும் சத்தம், நிற்காமல் கேட்டது. இரண்டு மணிக்கு இரண்டு விரல். மூன்று மணிக்கு நாலு. இழுத்து இழுத்து ஆணி அடித்தாள். அடித்த ஆணி ஒன்று தெறித்து எதிர்ச்சுவரில் பட்டு விழுந்தது.

ஐந்து மணிக்கு ஃபாக்டரிச் சங்கு ஊதியது. சைக்கிள் சத்தம். கதவு.

கஜபதி தரையைப் பார்த்தான். ஒரு முழம் சிமெண்டு வெறுமனே தெரிந்தது. அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு முறை. இன்னொரு முறை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"பாத்துகினு நிக்கிற! இஸ்துப் புடிடி!"

அவனே நடுவில் மண்டியிட்டு ஓரத்தை இழுத்தான். ஆணிகள் படபடவென்று பிடுங்கிக்கொண்டன. ஓரம் எழுந்து அவன் தோளைச் சுற்றியது. மறு ஓரம் முதுகை.

"ஏய்... ஹீட்டர நிறுத்து!"

அவள் கை ஸ்விட்சைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"நாகு... நிறுத்தும்மா..."

விலா எலும்பு ஒடிந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மறுபடியும். அலறல் கம்பளிக்குள் அமுங்கியது. சுருண்ட கம்பளம் இப்போது தலையணை அளவு மூட்டை. அதற்கும் சிறிசு. சிமெண்டில் சிவப்பாக ஒழுகியது.

இப்போது நிறுத்தினாள். கம்பிகள் கறுத்தன.

இறுகும் சத்தம் நிற்கவில்லை.

வாசலில் போர்மேன் கூப்பிட்டார். "கஜபதி! இன்னாப்பா, ஊட்ல கீறியா?"

மூட்டைக்குள்ளிருந்து கஜபதியின் இரண்டு விரல்கள் வெளியே வந்தன. பின்பக்கமாக மடிந்த விரல்கள். அவள் பாதத்துக்கும் தங்களுக்கும் நடுவிலிருந்த தரையை, ஒவ்வொரு விரலாக வைத்து, அளக்கத் தொடங்கின.